உரக்க வாசிக்கும் ராத்தா

"...எனது மோட்டார் சைக்கிளை எனது மருமகன் எனக்குத் தெரியாமல் அடகு வைத்தமையாலும், அதைக் கேட்கப் போன என்னை அவர் 'கிழட்டு மாடு' என ஏசியமையாலும்..."

கல்முனைக் கடைத்தெருவிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், பகல் பதினொரு மணிக்கு இப்படியொரு குரல் கேட்டால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். காதை மட்டும் திருப்புவார்கள். அது ராத்தாவின் குரல். எங்கள் பக்கத்தில் மூத்த சகோதரியை ராத்தா என்போம். அவருக்குக் கல்முனை முழுக்கத் தம்பிமார்.

தட்டச்சு, போட்டோக்கொப்பி, லமினேட் என்று கடைப் பலகையில் இருந்தது. பலகையில் இல்லாத சேவை ஒன்றும் உண்டு. எதை அடித்தாலும், கையெழுத்துப் போடுமுன் முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை உரக்க வாசித்துக் காட்டுவார். அதற்குக் காசில்லை. வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை. பஸ் நிலையத்தில் அக்கரைப்பற்று பஸ் புறப்படுவதை அறிவிக்கிறவர் அழமாட்டார், சிரிக்கமாட்டார் அல்லவா, அந்தக் குரல். கடனோ, விவாகரத்தோ, காணாமல் போன அடையாள அட்டையோ, எல்லாவற்றுக்கும் ஒரே சுருதி.

"மெல்லமா வாசிங்க ராத்தா, வெளிய ஆக்கள் நிக்கிறாங்க" என்று கெஞ்சுவார்கள்.

"கையெழுத்துப் போடக்குள்ள வெக்கமில்ல, கேக்கக்குள்ள என்ன வெக்கம்?"

இரகசியம் உள்ளவர்கள் லுஹர் என்ற நண்பகல் தொழுகை நேரம் பார்த்து, ஒழுங்கையில் ஆளில்லாத வேளையில் வருவார்கள். இதனாலேயே தொழுகை நேரத்தில் அங்கே வரிசை நீண்டு, உள்ள இரகசியமும் போய்விடும்.

வரிப்பத்தான்சேனையிலிருந்து ஒருமுறை ஒரு நானாவும், அதாவது அண்ணனும், தம்பியும் வயல் குத்தகைக் கடதாசி அடிக்க வந்திருந்தார்கள். நான் போட்டோக்கொப்பிக்காக நின்றேன். ராத்தா வாசிக்க வாசிக்க இருவரும் தலையாட்டிக்கொண்டே வந்தார்கள். "இரண்டு போகத்துக்கு" என்ற இடத்தில் தம்பியின் தலை நின்றுவிட்டது. "ஒரு போகமெண்டுதானே கதைச்ச?" என்றார். அவ்வளவுதான். ஒரு மணித்தியாலம் கடைக்குள் மார்க்கத்தில் இல்லாத வார்த்தையெல்லாம் பறந்தது. ராத்தா பிளேன்டி, பால் விடாத தேநீர், குடித்துக்கொண்டிருந்தார். அவர்கள் களைத்தபின், "இப்ப சொல்லுங்க. ஒண்டா, ரெண்டா?" என்று விசைப்பலகையில் விரலை வைத்தார். வயல் வெட்டு முடிந்ததும் அவர்கள் கொண்டுவந்து போட்ட நெல் மூட்டை வெகுநாள் கடை மூலையில் கிடந்தது.

இனி என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் ராத்தாவின் கதை நகராது. ஊரில் எனக்குப் பகிடிக்காரன் என்று பெயர். உண்மையில் நான் பயந்தாங்கொள்ளி. பயம் வந்தால் முதலில் வயிறு கலக்கும், அடுத்தது வாய் பகிடி விடும். பகிடி பெரிதாக இருந்தால் வயிறு மோசமாக இருக்கிறது என்று விளங்கிக்கொள்ளலாம்.

எங்கள் ஊர்களில் வீடு பெண்ணுக்கு. வாப்பாமார் மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை ஒரு பேக்கோடு போய் அங்கே குடியிருப்பான். பிரிந்தால் அதே பேக்கோடு வெளியே வருவான். நான் வரும்போது இரண்டு பேக் இருந்தது. "ஒரு பேக் லாபம்" என்று கூட்டாளிமாரிடம் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அன்று என் வயிறு எப்படியிருந்தது என்று இங்கே எழுதமுடியாது.

என்னை உறுத்தியது டைல்ஸ். கட்டாரில் நான்கு வருடம் லொறி ஓட்டிய காசில் அந்த வீட்டின் முன் மண்டபத்துக்கு டைல்ஸ் பதித்திருந்தேன். இளம் பச்சையில் வெள்ளை இலை. பிரிந்த கொதியில் ஒருநாள் அசர் தொழுகைக்குப் பிறகு அலவாங்கு எனும் கடப்பாரையோடு போய், "என்ட டைல்ஸ் எனக்கு வேணும்" என்று குந்திவிட்டேன். ஒன்றைக் கிளப்புவதற்குள் இடுப்புப் பிடித்துக்கொண்டது. மற்றவை தப்பின. மூன்று வயது மகள் கதவுச் சேலையைப் பிடித்துக்கொண்டு, வாப்பா என்ன விளையாட்டு விளையாடுகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரம் மட்டும் உடைந்த அந்த ஒரு டைல்ஸைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மறுகையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நான் ஒழுங்கை வழியே நடந்ததை இன்றைக்கும் அங்கே சொல்லிச் சிரிப்பார்கள்.

அந்த அலவாங்குதான் உடன்படிக்கைக்கு வழிவிட்டது. நான் மண்டபத்தையும் டைல்ஸையும் இனிக் கேட்கமாட்டேன். பதிலுக்கு என் பெண்சாதியாக இருந்தவள் பிள்ளைக்குச் செலவு கேட்கமாட்டாள். அவளுக்கு வீடு நிம்மதி, எனக்கு மாதக் காசு நிம்மதி. முஸ்லிம் விவாக நீதிபதியான காதியிடம் தலாக் பதியும்போது பிள்ளையின் தாபரிப்பு, அதாவது பராமரிப்புச் செலவு, பற்றிக் கேட்டார்கள். "எங்களுக்குள்ள பேசித் தீத்திட்டம்" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னோம். குடும்பம் நடத்திய காலத்தில் ஒரே குரலில் நாங்கள் எதையும் சொன்னதாக ஞாபகமில்லை.

அதை எழுத ராத்தாவிடம் போனோம். நான், அவள், சாட்சிக்கு அவளுடைய நானா. வீட்டில் பார்க்க ஆளில்லை என்று பிள்ளையையும் தூக்கி வந்திருந்தாள். நான் அத்தாட்சிக்காக அந்த டைல்ஸையும் கொண்டுபோயிருந்தேன். ராத்தா அதை வாங்கிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்து, அதன்மேல் தன் பிளேன்டிக் கோப்பையை வைத்தார். பிள்ளைக்குப் போத்தலைத் திறந்து ஒரு இஞ்சி டொபி கொடுத்தார். நான் சொல்லச் சொல்ல அடித்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார்.

"முன் மண்டபத்தில் பதிக்கப்பட்டுள்ள நூற்று நாற்பத்து மூன்று தரை ஓடுகளுக்கும் முதலாம் தரப்பினர் எக்காலத்திலும் உரிமை கோரமாட்டார் என்பதற்கு ஈடாக, இரண்டாம் தரப்பினர் தமது பெண் பிள்ளைக்குரிய தாபரிப்பை எக்காலத்திலும் கோரமாட்டார்..."

நிறுத்தினார்.

"பிள்ளைட பேர் சொல்லல்லயே தம்பி."

"பெண் பிள்ளை எண்டு இரிக்கே ராத்தா. காணும்."

"ஓட்டுக்கு எண்ணிக்கை போட்டிரிக்கி. பிள்ளைக்குப் பேராவது வேணாமா?"

பெயரைச் சொன்னேன். அடித்தார். திரும்பவும் முதலாம் வரியிலிருந்து வாசித்தார். இரண்டாம் முறை கேட்கும்போது, டைல்ஸ் எண்ணிக்கைக்குப் பின்னால் மகளின் முழுப்பெயர் வந்து விழுந்தது. பிள்ளையின் உம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நானாவார் சுவரில் தொங்கிய கலண்டரைப் படித்தார். பிள்ளைக்கு ராத்தாவின் குரல் பிடித்துவிட்டது. டொபியைச் சூப்பிக்கொண்டே, "எக்காத்திலும், எக்காத்திலும்" என்று கூடச் சொன்னாள். நானும் நானாவாரும் சிரித்தோம். கடைவாசலில் நின்றவர்களும் சிரித்தார்கள். ராத்தா சிரிக்கவில்லை.

"இதக் காதிக்கு முன்னால வெச்சுப் பதியலயா?"

"தேவல்ல ராத்தா. எங்களுக்குள்ள முடிச்சிட்டம்."

"எங்களுக்குள்ள எண்டா ஆராரு?"

"நானும் அவளும்தான்."

ராத்தா பிள்ளையைப் பார்த்தார். பிள்ளை இன்னொரு டொபிக்குக் கை நீட்டியது. கொடுத்தார்.

கையெழுத்தெல்லாம் முடிந்தபின் நான் துணிந்தவனாகி, "எனக்குள்ள கொப்பிய லமினேட் பண்ணுங்க ராத்தா" என்றேன்.

"லமினேட் பண்ணினாப் பொறகு கிழிக்க ஏலாது."

"அதுதானே வேணும்!"

"யோசிச்சுக்கங்க" என்றார். யோசித்தேன். "ரெண்டு பக்கமும் பண்ணுங்க" என்றேன். மெஷினுக்குள்ளிருந்து அது சூடாக, வழுவழுவென்று வந்தபோது, மாரி மழைக்குள் குடை கிடைத்தவன்போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். டைல்ஸை மறந்து விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அதன்பிறகு கடைப்பக்கம் போகும்போதெல்லாம் ராத்தா ஒரு கேள்விதான் கேட்பார். "மகள் இப்ப எத்தனையாம் ஆண்டு?" மேசையில் அந்த டைல்ஸ் இருக்கும். அதன்மேல் பிளேன்டி இருக்கும்.

மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய முதல் இரண்டு வருடம் சரியாகச் சொன்னேன். பெருநாளைக்குப் பெருநாள் போய் உடுப்புக் கொடுத்துவிட்டு வருவது உண்டு. பிறகு அதுவும் குறைந்தது. நிந்தவூரில் அரிசி ஆலை லொறி ஓட்டப் போனேன். அட்டாளைச்சேனையில் ஒரு அறை எடுத்தேன். கல்முனை தூரமில்லை, பஸ்ஸில் ஏறினால் வந்துவிடலாம். அந்தத் தூரமில்லாத தூரத்தைத்தான் மகளைப் பார்க்க நான் வருடக் கணக்கில் போகவில்லை.

லொறி வேலையாகக் கல்முனைக்கு வந்த ஒருநாள் ராத்தா கேட்டபோது, "மூணாம் ஆண்டு" என்று அடித்துவிட்டேன்.

"அஞ்சு தம்பி. ஸ்கொலர்ஷிப் போரத்துக்கு நான்தான் போட்டோக்கொப்பி எடுத்துக் குடுத்த."

அன்றிலிருந்து அந்த ஒழுங்கைக்கு எதிர்ப்பக்கமாக நடந்தேன். நாற்பது தாண்டிய, லொறி ஓட்டுகிற ஆம்பிளை ஒருவன், ஒரு போட்டோக்கொப்பிக் கடைக்குப் பயந்து, வெயிலில் குடைக் கடைக்காரனோடு ஒட்டி ஒட்டிப் போவதை நீங்கள் பார்த்திருந்தால் அது நான்தான்.

ராத்தாவுக்குக் குடும்பம் இருந்ததா, பிள்ளைகள் உண்டா என்று எனக்குக் கடைசிவரை தெரியாது. கடையில் ஒரு போட்டோகூடத் தொங்கவில்லை. ஒருமுறை மட்டும், நல்ல மனநிலையில் இருக்கிறார் என்று நினைத்து, "என்ன ராத்தா, காசுமில்லாம தொண்டையக் கிழிச்சு வாசிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"என்ட உம்மா ஒரு கடதாசில கைநாட்டு வெச்சா. ஒருத்தரும் வாசிச்சுக் காட்டல்ல" என்றார்.

என்ன கடதாசி என்று கேட்க வாயெடுத்தேன். பென்சன்காரர் ஒருவர் போரத்தோடு உள்ளே வந்தார். அந்தக் கதை அந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

காதி நீதிமன்றத்திலிருந்து கடிதம் வந்தபோது மகளுக்குப் பதினான்கு வயது. அவளுக்குத் தாபரிப்புக் கோரி அவள் உம்மா விண்ணப்பித்திருப்பதாகவும், இன்ன சனிக்கிழமை வரவேண்டும் என்றும் இருந்தது. இரண்டு தரம் வாசித்தேன். பிறகு சிரிப்பு வந்தது. அலுமாரியைத் திறந்து லமினேட்டை எடுத்தேன். பதினொரு வருடம், ஒரு சுருக்கமில்லை! "வாங்கடா பாப்பம்" என்று கண்ணாடிக்கு முன்னால் சொல்லிக்கொண்டேன். கல்முனையில் பஸ்ஸால் இறங்கிக் கீழே பார்த்தால், ஒரு காலில் என் செருப்பு, மறுகாலில் பக்கத்து அறைக்காரனுடையது.

"ராத்தா, இது செல்லும்தானே?"

ராத்தா என் காலைப் பார்த்தார். பிறகு லமினேட்டைப் பார்த்தார். "நான் லோயரில்ல தம்பி. அடிச்சுக் குடுக்கிறவள்."

"இல்ல, சொல்லுங்க. கையெழுத்து இரிக்கி, சாட்சி இரிக்கி, முத்திரை இரிக்கி. எக்காலத்திலும் எண்டு இரிக்கி!"

"உம்மா தன்ட பங்க விட்டுக் குடுக்கலாம். பிள்ளைட பங்கு பிள்ளைட. அத உம்மாவுக்கும் விக்க ஏலாது, வாப்பாவுக்கும் வாங்க ஏலாது எண்டுதான் காதிமார் சொல்ற. இந்த மாதிரி எத்தனையோ இஞ்ச அடிச்சிரிக்கன். எத்தனையோ திரும்பி வந்திரிக்கி."

"இத அண்டைக்கே சொல்லியிருக்கலாமே ராத்தா!"

"ரெண்டு தரம் வாசிச்சனே."

எனக்குக் கோபம் வந்தது. சந்தேகமும் வந்தது. "அவட விண்ணப்பத்தை அடிச்சது ஆரு?"

"நான்தான். வாசிச்சும் காட்டின."

"எனக்கும் அடிச்சி, எனக்கு எதிராயும் அடிச்சா இது என்ன ஞாயம்?"

"கடைக்கு வந்தா அடிக்கிற. நாளைக்கு உங்கட மகள் வந்து, என்ட வாப்பாவப் பத்தி எழுதணுமெண்டா, அவளுக்கும் அடிப்பன்." பிளேன்டியைத் தூக்கி ஒரு மிடறு குடித்தார். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. சளித் தடிமன் என்று நினைத்தேன்.

காதி சனிக்கிழமைகளில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் அமர்வார். அரைச்சுவர் வைத்த வகுப்பு. சிறுபிள்ளைகளின் வாங்கில் முழங்கால் நாடியில் முட்ட உட்கார்ந்திருந்தேன். அடுத்த வாங்கில் அவள். காதி வயதானவர், காது மந்தம். லமினேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெயில் வெளிச்சத்தில் அது பளபளத்து அவருடைய கண்ணைக் கூசச் செய்தது.

"எழுத்து விளங்குதில்ல. நீங்களே வாசிங்க."

வாசித்தேன்.

"சத்தமா வாசிங்க மகன்!"

சத்தமாக வாசித்தேன். தரை ஓடுகள் நூற்று நாற்பத்து மூன்று. என் தொண்டை அந்த எண்ணிக்கையைத் தாண்டிவிட்டது. அடுத்து மகளின் பெயர். பெயரில் தட்டித் தலையைத் தூக்கினேன். அரைச்சுவருக்கு அப்பால் விறாந்தையில் வெள்ளை ஸ்காஃப் போட்ட ஒரு பிள்ளை, டியூசன் புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு, தன் பெயரைக் கேட்டவளாக இந்தப் பக்கம் திரும்பினாள். உம்மாவைக் கூட்டிப்போக வந்திருந்தாள்போல.

"நிப்பாட்டாதீங்க" என்றார் காதி.

"...எக்காலத்திலும் கோரமாட்டார்" என்று முடித்தேன்.

காதி பேனையை எடுத்தார். "நீங்க ரெண்டு பேரும் டைல்ஸப் பத்தி முடிச்சது உங்கட விசயம். இந்தப் பிள்ளைட தாபரிப்ப இது தடுக்காது. பிள்ளைக்குள்ளது மாதாமாதம் வரணும். டியூசன், பஸ் செலவெல்லாம் நீங்க பேசி எழுதிக்கொண்டு வாங்க. சரியாயிருந்தா இஞ்ச பதிவம். அப்ப அது கட்டளை. குடுக்காட்டி நீதவான் கோட்டுக்குப் போகும்." அவ்வளவுதான். பத்து நிமிடம். நான் எதிர்பார்த்ததுபோல யாரும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் ஒரு பகிடியாவது விட்டிருப்பேன்.

வெளியே வந்தேன். மகள் எழும்பி நின்றாள். என் தோளுக்கு வந்துவிட்டாள். என்ன சொல்வதென்று தெரியாமல், லமினேட்டை அவள் முன்னால் கிழித்துப் போடலாம் என்று எனக்குத் தோன்றியது. சினிமாவில் செய்வார்களே, அதுபோல. இழுத்தேன். முறுக்கினேன். ஓரத்தைப் பல்லால் கடித்தேன். அது வளைந்தது, நெளிந்தது, விட்டதும் பழையபடி நிமிர்ந்தது. நான் விறாந்தையில் நின்று ஒரு பிளாஸ்டிக்கோடு மல்லுக்கட்டுவதைப் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தாள். அலவாங்கோடு குந்திய நாளிலும் இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விடுங்க வாப்பா" என்றாள். குரலில் கோபமில்லை. மரியாதையாக, தெரியாத ஆளோடு கதைப்பதுபோலக் கதைத்தாள். "அந்த டைல்ஸ் எல்லாம் நல்லாத்தான் இரிக்கி. அந்த ஒண்டு மட்டும் இல்ல. உம்மா சீமெந்து பூசிப் பாத்தா, நிக்குதில்ல. ராவைல தண்ணி குடிக்க எழும்பினா அதில கால் தட்டும்."

உம்மாவும் மகளும் போன பிறகு, லமினேட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தேன்.

செலவு பேசி முடிக்க இரண்டு மாதம் போயிற்று. எழுதுவதற்கும், அந்த டைல்ஸைக் கேட்பதற்குமாக ராத்தாவிடம் போனேன். கடையிலிருந்து வழக்கத்துக்கு மாறாக ஒரு ஆணின் குரல் கேட்டது. கொழும்பில் ராத்தாவின் தொண்டையில் ஒப்பரேசன் செய்திருந்தார்கள். கழுத்தைச் சுற்றித் துணி. குரல் போய்விட்டது. அடித்து முடித்ததும் கொம்பியூட்டர்த் திரையை ஆட்களின் பக்கம் திருப்பி, விரலால் முதல் வரியைக் காட்டினார். வந்தவர்களே வாசித்தார்கள். வாசிக்காமல் கையெழுத்துப் போடப் பார்த்த ஒரு பெரிய மனிதரின் பேனையை அவர் கையிலிருந்து ராத்தா பிடுங்கியதைக் கண்ணால் கண்டேன்.

என்னுடைய முறை வந்தது. காது கூசக் கூச வாசித்தேன். மகளின் பெயர், பாடசாலை, அவள் வகுப்பு. இம்முறை முதல் வரியிலேயே அவள் பெயர். முணுமுணுத்தால் ராத்தா அடிமட்டக் கோலால் மேசையைத் தட்டினார். பின்னால் நின்ற கூட்டம் காதைத் திருப்பியது எனக்கு முதுகில் தெரிந்தது. கடைசிப் புள்ளிவரை வாசித்தேன். வேர்த்துப்போய், பழக்கதோஷத்தில் வாய் சும்மா இருக்காமல், "லமினேட் பண்ணுவமா ராத்தா?" என்றேன்.

தலையை ஆட்டி இல்லையென்றார். பழுதான போட்டோக்கொப்பித் தாள் ஒன்றைத் திருப்பி எழுதினார்: "பிள்ளை வளரும். செலவு கூடும். மாத்த வேண்டி வரும்."

பிறகு, நான் கேட்கவேயில்லை, பிளேன்டிக் கோப்பையைத் தூக்கி வேறு இடத்தில் வைத்துவிட்டு, டைல்ஸைச் சாரத் துணியால் துடைத்து என் பக்கம் தள்ளினார்.

அதுதான் அவரைக் கண்ட கடைசி. அடுத்த மாதம் மௌத்தாகிவிட்டார். மையத்து வீட்டுக்குப் போனேன். யார் அழுகிறார்கள், யார் பிள்ளைகள் என்று பார்த்தேன். எல்லோருமே அழுதார்கள், அதனால் ஒன்றும் விளங்கவில்லை. கடையில் இப்போது கைபேசிக்கு உறை விற்கிறார்கள்.

ஒரு மேசனைக் கூட்டிக்கொண்டுபோய் டைல்ஸைப் பதித்துக் கொடுத்தேன். மகளின் உம்மா வெளியே வரவில்லை. கதவுக்கு உள்ளே நின்று, "நேரா வெக்கச் சொல்லுங்க" என்றாள். நேராகத்தான் வைத்தான். ஆனால் மற்ற நூற்று நாற்பத்து மூன்றும் நடந்து நடந்து மங்கிவிட்டன. இது மட்டும் கடையில் வாங்கிய அன்றுபோலப் பச்சை, நடுவில் பிளேன்டிக் கோப்பையின் வட்டம், தேய்த்தும் போகவில்லை.

போன மாதம் காசு கொடுக்கப் போனபோது வாசலில் நின்று பார்த்தேன். மகள் உள்ளேயிருந்து தண்ணீர் கொண்டுவந்தாள். அந்த இடத்துக்கு வந்ததும், கீழே பார்க்காமலே, காலை எட்டி வைத்து அதைத் தாண்டி வந்தாள். திரும்பிப் போகும்போதும் தாண்டித்தான் போனாள்.